வாயிலும் கதவும் புகைப்படமும்

இலக்கணம் படித்தவர்கள் 'வாயில்' என்ற சொல்லை எளிதில் மறக்கமாட்டார்கள். 'இல்வாய்' என்பதே முன்பின்னாக மாறி வாயில் என நின்றது என்று கூறி, இலக்கணப் போலிக்கு அதனை உதாரணமாகக் காட்டுவது பள்ளியாசிரியர் வழக்கம். வீட்டின் புகுமுகத்துக்கு வாய் என்று பெயரிட்டவன் நல்ல ரசிகனாக இருந்திருக்க வேண்டும். வாய் திறந்தால் மனிதனின் குணம் வெளிப்படுவதுபோல, வாயிலைக் கண்டால் வீட்டாரின் செல்வம், தொழில், அச்சம், நம்பிக்கை ஆகியவை ஒருவாறு புலனாகிவிடும். கைப்பேசியிலேயே காமிரா அமைந்துவிட்ட இந்நாளில், ஊர் ஊராகச் சென்று கதவுகளைப் படம் பிடித்துச் சேர்ப்போர் பலர் தோன்றியிருக்கின்றனர். வீட்டுக் கதவோடு நில்லாமல் ரயில் பெட்டியின் கதவையும் இவர்கள் விட்டுவைப்பதில்லை. வேலையற்றோர் வேலை என்று நகைப்போரும் உண்டு. சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து, இப்பழக்கத்தால் விளையும் பயன் யாது, அதனைச் செய்யவேண்டிய முறை யாது என்று சிறிது ஆராய்வோம்.

கதவைப் படம் பிடிப்பது புதிய பித்து என்று எண்ணவேண்டாம். புகைப்படக் கலையின் வயதும் இப்பழக்கத்தின் வயதும் ஏறக்குறைய ஒன்றேயாகும். இங்கிலாந்தில் அக்கலைக்கு வித்திட்டவர்களுள் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட் என்பவர், 1844-ஆம் ஆண்டில் லேகாக் என்னும் ஊரில் தம் மாளிகையைச் சேர்ந்த லாயத்தின் கதவு ஒன்றைப் படம் எடுத்தார். கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே இருள். வாயிலில் ஒரு துடைப்பம் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் ஒரு லாந்தரும் குதிரையின் கடிவாளமும் தொங்குகின்றன. அவ்வளவுதான் படம். அரசர் உருவமோ போர்க்களமோ அதில் இல்லை. ஆயினும் புகைப்படங்களைக் கொண்டு வெளிவந்த முதல் நூல்களுள் ஒன்றில் அதனை அவர் சேர்த்தார். இன்றளவும் அப்படத்தைக் கலைஞர்கள் போற்றுகின்றனர். துடைப்பத்தை வைத்துவிட்டுப் போனவர் யார், எப்போது திரும்புவார் என்னும் எண்ணம் பார்ப்போர் மனத்தில் எழுகிறதன்றோ? மனிதன் இல்லாமலே மனிதனைக் காட்டும் ஆற்றல் கதவுக்கு உண்டு.

பிற்காலத்தில் பாரிஸ் நகரில் அட்ஜே என்பவர் இதனை ஒரு தொண்டாகவே செய்தார். பழைய வீதிகள் இடிந்து புதிய வீதிகள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. பெரிய காமிராவைத் தோளில் சுமந்து, வாயில்களையும் கதவு தட்டும் வளையங்களையும் மாடிப்படிக் கைப்பிடிகளையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்றுச் சீவித்தார். தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்வதினும், தாம் எடுப்பவை ஆவணங்கள் என்று சொல்வதையே அவர் விரும்பினார். 1927-இல் அவர் மறைந்தார். அவர் படம் பிடித்த பழைய பாரிஸில் ஒரு பகுதி இன்று அப்படங்களில் மட்டுமே நிற்கிறது. நம் நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட காப்டன் டிரைப், 1858-இல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களுக்குச் சென்று கோபுர வாயில்களையும் மண்டபங்களையும் எடுத்த படங்கள் இன்று வரலாற்று ஆசிரியர்களுக்குக் கைவிளக்காக உதவுகின்றன.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகப் பழைய நூல்கள் வேங்கடத்தையே குறிக்கின்றன. ஒரு நாட்டின் எல்லை என்பது மற்றொரு நாட்டின் வாயில்தானே! மலைக்கு அப்பால் வடக்கே கடப்பை நகரம் இருக்கிறது. தெலுங்கில் 'கடப' என்றால் நிலைப்படி என்று பொருள். திருமலைக்குச் செல்வோர் முதலில் மிதிக்கும் படியாக அவ்வூர் அமைந்தமையால் அப்பெயர் பெற்றது என்பர். 1911-இல் உருவாக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் இரு மொழிகளும் அங்கே பிரியவில்லை. தமிழர் வாயில், வாசல் என்பதைத் தெலுங்கர் வாகிலி என்கின்றனர். ஒரே வீட்டில் பாட்டி தலைவாசல் என்றும் பேரன் தலவாகிலி என்றும் சொல்லக் கேட்கலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இவ்வட்டாரத்துக் கதவுகளின் மேல் பற்று உண்டானதற்கு இதுவே முதற்காரணம்.

இப்பகுதியின் பழைய வீட்டு வாயில் ஒன்றைக் கற்பனையில் நிறுத்திப் பாருங்கள். இருபுறமும் திண்ணை. நடுவே இரண்டு மூன்று கருங்கற்படிகள். தடித்த மரத்தில் செய்த நிலை. அதன் மேற்சட்டத்தில் தாமரையும் கொடியும், நடுவில் யானைகள் இருபுறமும் நிற்கத் திருமகள். இரட்டைக் கதவுகள் இரும்புக் கீலில் ஆடுவன அல்ல. கதவோடு சேர்ந்த மரக்குடுமி, மேலும் கீழும் உள்ள குழியில் சுழல்கிறது. அதனால்தான் பழங்கதவைத் திறக்கும்போது அந்த நீண்ட ஓசை எழுகிறது. நிலைப்படியில் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்திருப்பார்கள். மேலே மாவிலைத் தோரணம். அதன் அருகே கண்ணேறு கழிக்க எலுமிச்சையும் மிளகாயும். சில வீடுகளில் படியில் அறைந்த குதிரை லாடம்.

இக்காட்சியைக் காணும்போதெல்லாம் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை நினைவுக்கு வருகிறது. பாண்டியன் அரண்மனை வாயிலைப் புலவர் அதில் வருணிக்கிறார். வெற்றிக்கொடி ஏந்திய யானை கொடியோடு நுழையத்தக்க உயரம். இடைவெளி தெரியாமல் இணைந்த இரட்டைக் கதவு. நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பிய நெடுநிலை. அங்கே யானைகளுக்கு நடுவே திருமகள் வீற்றிருக்கும் வேலைப்பாட்டை உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எடுத்துக்காட்டுகிறார். வெண்சிறுகடுகு போய் மஞ்சள் வந்திருக்கிறது. அரண்மனை போய்ச் சிற்றில் வந்திருக்கிறது. நிலைக்கு ஏதேனும் ஒன்றைப் பூசி அதனை வழிபடும் வழக்கம் மட்டும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக அற்றுப்போகவில்லை.

பழமைக்கு மட்டும்தான் கதவு சாட்சி என்று நினைக்கலாகாது. அரசாங்கமும் தன் குறிப்பேடாக அதனையே பயன்படுத்தி வந்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்போர் எழுதிய வீட்டு எண், இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்து கொடுக்க வந்தவர்கள் சுண்ணக்கட்டியால் இட்ட குறியும் தேதியும், மின்வாரியத்தார் ஒட்டிய தகடு, தேர்தல் காலத்துச் சின்னம் என்று ஒரே கதவில் ஐம்பது ஆண்டுச் சரித்திரம் படிந்து கிடப்பதுண்டு. இவற்றை அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிட்டுப் படம் எடுப்போர் இருக்கின்றனர். அது சாசனத்தைச் சுரண்டிவிட்டுக் கல்லை மட்டும் படம் பிடிப்பது போன்றது.

இத்தகைய கதவுகள் இன்று விரைந்து மறைகின்றன. திருமலையில் கோயிலைச் சுற்றிய மாடவீதிகளை அகலப்படுத்தியபோது, தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியிருந்த வீடுகள் அகற்றப்பட்டன. கோயிலுக்கு எதிரே நின்ற ஆயிரங்கால் மண்டபம் 2003-இல் இடிக்கப்பட்டது. லட்சக்கணக்கில் வரும் அடியார்களுக்கு இடம் வேண்டும் என்பது மறுக்க இயலாத நியாயம். ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளின் வாயில் ஒவ்வொன்றையும் முன்னதாக ஒருவர் நின்று படம் பிடித்திருந்தால், அதனால் சாலையின் அகலம் ஓர் அங்குலமும் குறைந்திராது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குச் சென்றவர்கள், செட்டிநாட்டு மாளிகைகளிலிருந்து பெயர்த்தெடுத்த பர்மாத் தேக்குக் கதவுகள் விலைக்கு நிற்பதைக் கண்டிருப்பார்கள். வாங்குவோர் அவற்றைக் கொண்டுபோய் உணவு மேசையாகவும் விடுதிச் சுவரின் அலங்காரமாகவும் ஆக்கிக்கொள்கின்றனர். மரம் பிழைத்தது, வாயில் பிழைக்கவில்லை. எந்தத் தெருவில், எத்திசை நோக்கி, யார் வீட்டில் நின்றது என்பதை அறியாத கதவு, முகவரி கிழிந்த கடிதம் போன்றது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில், தென்னாட்டுப் பழைய வீடுகளையே பிரித்துக் கொணர்ந்து மறுபடி நிறுவியிருக்கின்றனர். அத்தகைய முயற்சிக்குப் பொருளும் இடமும் வேண்டும். படத்துக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

கடல் கடந்த உதாரணம் ஒன்றும் கூறலாம். ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையில் ஸான்ஸிபார் தீவின் பழைய நகரம், செதுக்கு வேலை நிறைந்த கதவுகளுக்குப் பேர்போனது. அங்கே வாணிகம் செய்த இந்தியரின் கைவண்ணமும் அக்கதவுகளில் கலந்திருக்கிறது. கதவின் மேல் கூரிய பித்தளைக் குமிழ்களை அறைந்திருப்பார்கள். யானை மோதாமல் காக்க இந்தியக் கோட்டைக் கதவுகளில் ஆணி அறையும் வழக்கமே அங்கு அலங்காரமாகச் சென்றது என்பர். யானையே இல்லாத தீவில் யானைக்கு அஞ்சிய கதவு! 2000-ஆம் ஆண்டில் அந்நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

திருப்பதிக்கு அருகே சந்திரகிரியில் இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று உண்டு. விஜயநகர அரசர்கள் தங்கிய ராஜமஹால், கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமே கொண்டு, மரச்சட்டம் இன்றி எழுப்பப்பட்ட மூன்றடுக்கு மாளிகை. இன்று அது தொல்பொருள் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்கே நம் கண்ணைக் கவர்வன கதவுகள் அல்ல, வளைவுகளே. ஒரு வளைவுக்குள் மற்றொரு வளைவு, அதற்குள் வானம். மாலை வெயில் சாய்ந்து விழும்போது அவற்றைப் படம் பிடிப்பவர், கதவில்லாத வாயிலும் வாயில்தான் என்பதை உணர்வார்.

வீட்டுக் கதவு ஒரு குடும்பத்துக்கு உரியது. ரயில் கதவோ ஊருக்கே பொது. சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக வடமேற்கே சென்ற இருப்புப்பாதை 1862-இல் ரேணிகுண்டாவை அடைந்தது. விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியே தர்மாவரம் சென்ற மீட்டர் பாதை 1891-இல் முடிவுற்றது. அப்பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி ஒரு மீட்டர்தான். பிற்காலத்தில் அது 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. பாதை மாறியதும் பெட்டி மாறியது. பெட்டி மாறியதும் கதவு மாறியது. அக்காலத்து மரப்பெட்டிகளில் ஒவ்வோர் அறைக்கும் பிளாட்பாரத்தை நோக்கித் தனிக்கதவு இருந்தது. அறைக்கு அறை செல்ல நடைவழி இல்லை. 1955 அக்டோபர் 2-ஆம் நாள் பெரம்பூரில் தொடங்கப்பெற்ற இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, ஸ்விட்சர்லாந்தின் தொழில்நுட்பத்தைத் தழுவி எஃகுப் பெட்டிகளைச் செய்தது. பெட்டியின் இரு முனைகளிலும் உள்நோக்கித் திறக்கும் இரும்புக் கதவு, அதன் இருபுறமும் நீண்ட கைப்பிடிக் கம்பிகள், கீழே இரும்புப் படிகள் என்ற வடிவத்தையே இரண்டு மூன்று தலைமுறையினர் ரயில் கதவு என்று அறிந்தனர். அவ்வகைப் பெட்டியின் உற்பத்தி 2018 ஜனவரியில் நின்றது. ஜெர்மானிய முறையில் அமைந்த பெட்டிகள் அதன் இடத்தைப் பிடித்துவருகின்றன. திருப்பதியிலேயே ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரிய பட்டறை இருக்கிறது. ஆயிரமாயிரம் கைகள் பற்றிப் பற்றிப் பளபளப்பேறிய கம்பிகளும் சாயம் மேல் சாயம் ஏறிய கதவுகளும் அத்தகைய பட்டறைகளில்தான் புதுப்பிறவி எடுக்கின்றன.

ரயில் கதவைச் சுற்றி நடப்பவையும் மறைகின்றன. முன்பதிவு செய்தோரின் பெயர்ப்பட்டியலைக் கதவின் அருகே ஒட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. வண்டி வந்து நின்றதும், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலால் வரிசையைத் தடவி, தம் பெயர் எழுத்துப்பிழையோடு அச்சாகியிருப்பதைக் கண்டு மகிழ்ந்த பெரியவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2018 மார்ச்சு முதல் நாளிலிருந்து பெரிய நிலையங்களில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. அக்காகிதத்தின் முன் கூடிய கூட்டத்தை யாரேனும் படம் எடுத்து வைத்திருந்தால் அது இன்று அரும்பொருள். திருப்பதி நிலையத்துக்கே உரிய காட்சி ஒன்றும் உண்டு. வரும்போது பின்னலும் குடுமியுமாக இறங்கிய குடும்பம், திரும்பும்போது மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, லட்டுப் பையுடன் அதே வகைக் கதவில் ஏறுகிறது. குழந்தைக்குத் தன் தந்தையை அடையாளம் தெரியவில்லை. அவர்கள் இசைந்தால், இவ்விரு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு எந்த விளக்கமும் வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. ரயில் கதவைப் படம் பிடிப்பது வேறு. ஓடும் ரயிலின் கதவில் நின்று படம் பிடிப்பது வேறு. முன்னது, வண்டி நிற்கும்போது, பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நின்று செய்யத்தக்கது. பின்னது உயிரைப் பணயம் வைப்பது. படியில் நின்று பயணம் செய்வதை 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 156-ஆம் பிரிவு குற்றமாகவே கருதுகிறது. கதவுக்கு வெளியே உடலை நீட்டியவனுக்கு எதிரே வரும் கம்பம் வழிவிடாது. 2025 ஜூன் 9-ஆம் நாள் மும்பைப் புறநகரில் மும்ப்ரா நிலையத்தருகே, நெரிசலினால் கதவில் தொங்கிச் சென்ற பயணிகள் கீழே விழுந்து சிலர் மாண்டனர். அவர்கள் படம் பிடிக்கச் சென்றவர்களல்லர், வேலைக்குச் சென்றவர்கள். இடமின்றித் தொங்கியவர்கள் உயிரிழந்த அதே இடத்தில், இடமிருந்தும் படத்துக்காகத் தொங்குவதை என்னென்பது? அவ்விபத்தின் பின்னர், புறநகர் வண்டிகளுக்குத் தானே மூடிக்கொள்ளும் கதவுகளை அமைக்கும் திட்டத்தை ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. செகந்திராபாத்திலிருந்து திருப்பதிக்கு 2023 ஏப்ரல் 8-ஆம் நாள் தொடங்கிய வந்தே பாரத் வண்டியில் இத்தகைய கதவுகளே இருக்கின்றன. கதவு மூடாமல் வண்டி நகராது. காற்று முகத்தில் அடிக்கக் கதவருகே நின்று மலைத்தொடரைப் பார்த்த இன்பம் அதில் கிட்டாதென்று வருந்துவோருடன் நானும் ஒருவன். ஆயினும் மூடிய கதவின் பக்கமே என் வாக்கு.

வீட்டுக் கதவுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அது பிறர் வாயில். தெருவில் நின்று எடுப்பதற்கு யாரைக் கேட்கவேண்டும் என்று வாதாடலாம், ஆனால் திண்ணையில் மூதாட்டி அமர்ந்திருக்க, "அம்மா, உங்கள் வாசலைப் படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்பதனால் நமக்குக் குறைந்துபோவது ஒன்றுமில்லை. பெரும்பாலும் விடை இசைவாகவே வரும். அதோடு மாமனார் காலத்தில் அக்கதவு எந்த ஊர்த் தச்சரால் செய்யப்பட்டது என்ற கதையும் வரும். வேண்டாம் என்றால் காமிராவை மூடிக்கொண்டு நடக்கவேண்டியதுதான். துக்கம் நிகழ்ந்த வீடு, பூட்டிக்கிடக்கும் வீடு ஆகியவற்றின் படத்தைத் தெருப்பெயரும் கதவெண்ணுமாகப் பொதுவில் பரப்புவதும் தகாது. திருடனுக்கு அது அழைப்பிதழாகும்.

படம் எடுக்கும் முறையில் நுட்பம் அதிகமில்லை. நண்பகல் வெயில் செதுக்கு வேலையைத் தட்டையாக்கிவிடும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் விழும் வெயிலில்தான் தாமரை இதழ் எழுந்து நிற்கும். கதவுக்கு நேரெதிரே, சுவருக்கு இணையாக நிற்கவேண்டும். கைப்பேசியை அண்ணாந்து பிடித்தால் நிலையின் இரு கால்களும் மேலே சென்று ஒன்றையொன்று நெருங்கி, வாயில் பின்னோக்கிச் சாய்ந்ததுபோல் தோன்றும். முதலில் வாயில் முழுவதையும் திண்ணையோடு சேர்த்து ஒரு படம். பிறகு படி, மேற்சட்டம், குடுமி, தாழ்ப்பாள் என்று அருகில் சென்று தனித்தனிப் படங்கள். வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் செய்தால் கதவின் உயரம் தெரியும். குனிந்து நுழையவேண்டிய தாழ்ந்த நிலைகளுக்கு இது மிகவும் பயன்படும்.

இவ்வட்டாரத்தில் எவரும் படம் எடுக்கலாகாத கதவுகளும் இருக்கின்றன. திருமலைக் கோயிலுள் பெருவாயிலைத் தாண்டினால் வெள்ளி வாசல். அதனையும் தாண்டினால் பங்காரு வாகிலி எனப்படும் தங்க வாசல். இருமருங்கும் ஜயவிஜயர் காவல் நிற்கின்றனர். வைகறையில் சுப்ரபாதம் ஓதுவது இதன் முன்னர்தான். கருவறைப் படிக்குக் குலசேகரன் படி என்று பெயர். அங்கே ஒரு படியாய்க் கிடக்க விரும்பிய ஆழ்வாரின் பெயரைப் படியே தாங்கி நிற்கிறது. காமிராவும் கைப்பேசியும் கோயிலுக்குள் செல்ல இசைவில்லை. நாளொன்றுக்குப் பல்லாயிரவர் காணும் இவ்வாசலைக் கண்டவர்கள், அதனைச் சொல்லால்தான் பிறர்க்குக் காட்ட இயலும். சில விநாடிகளே கிடைக்கும் அவ்விடத்தில், கையில் காமிரா இல்லாத காரணத்தாலேயே நிலையையும் படியையும் உற்றுநோக்குவோர் உண்டு.

சேர்த்த படங்களை என்ன செய்வது? ஒவ்வொன்றின் கீழும் ஊர், தெரு, எடுத்த நாள், வாயில் நோக்கும் திசை, மரம் இன்னது, கீலா குடுமியா என்பவற்றைக் குறித்துவைக்க வேண்டும். குடியிருக்கும் வீடாயின் கதவெண்ணை நம்மளவில் வைத்துக்கொள்வது முறை. என் அனுபவத்தில் மிகவும் பயனளிப்பது மற்றொரு குறிப்பு: கதவின் உறுப்புகளுக்கு வீட்டார் வழங்கும் பெயர்கள். தெலுங்கில் கதவைத் தலுபு என்றும், நிலையைத் துவாரபந்தம் என்றும், கொண்டியைக் கொள்ளெம் என்றும் சொல்வார்கள். தமிழ் பேசும் அண்டை வீட்டார் நாதாங்கி என்பார்கள். இரும்புக் கீலும் கண்ணாடிக் கதவும் வந்த வீட்டில் குடுமி என்ற சொல் தலையிலுள்ளதை மட்டுமே குறிக்கும். ஆகையால் படம் எடுத்து முடித்ததும் காமிராவைப் பையில் இட்டுவிட்டு, திண்ணையில் இருப்பவரிடம் ஒவ்வோர் உறுப்பையும் விரலால் தொட்டுக் காட்டிப் பெயர் கேளுங்கள். இரு மொழியிலும் கேட்டு, அவர் உச்சரித்தவாறே எழுதிக்கொள்ளுங்கள்.